தவிட்டை ஒதுக்கி வைக்கோலைத் தேடும் மாடு

கன்று போட்டு இரண்டாவது வாரம். தொட்டியில் கலக்கி வைத்த புண்ணாக்குத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. முந்தின நாள் வரை தொட்டியின் அடியை நக்கித் துடைத்த மாடு அது. பக்கத்தில் கிடக்கும் வைக்கோலை மட்டும் இரண்டு வாய் இழுக்கிறது. காய்ச்சல் இல்லை. மடி வீக்கம் இல்லை. நஞ்சுக்கொடி நேரத்துக்கு விழுந்துவிட்டது. ஆனால் காலையில் எட்டு லிட்டர் கறந்தது ஆறாகி, மூன்றாம் நாள் நான்காகிறது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கண் பட்டுவிட்டது என்று மந்திரித்த தண்ணீர் தெளிப்பது ஒருபுறம். உடம்புச் சூடு என்று மோர் ஊற்றுவது இன்னொருபுறம். கால்சியம் குறைந்துவிட்டது என்று பக்கத்து ஊர் ஊசிக்காரரை அழைத்து பாட்டில் ஏற்றுவதும் உண்டு. வெல்லத்தைக் கரைத்துப் புகட்டாத வீடே இல்லை. இவற்றுக்கெல்லாம் நான்கைந்து நாள் ஓடிவிடும். அந்த நான்கைந்து நாளில் மாட்டின் கல்லீரலில் கொழுப்பு படிந்துகொண்டே போகும்.

இந்த நோய்க்கு கீட்டோசிஸ் என்று பெயர். கிருமியால் வருவதில்லை, ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை, உடனே உயிரை எடுப்பதும் அரிது. அதனாலேயே கோமாரிக்கும் மடிநோய்க்கும் கிடைக்கிற கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் நன்றாகக் கறக்கும் மாட்டை, அது மிக நன்றாகக் கறக்கவேண்டிய வாரங்களில் பிடித்துக்கொள்கிற நோய் இது. ஒரு ஈத்தின் வருமானம் அந்த வாரங்களில்தான் தீர்மானமாகிறது. மடி ஏறும் காலத்தில் விழுந்த கறவை, மாடு தேறிய பிறகும் பழைய உயரத்துக்குப் போவதில்லை.

ஒரு லிட்டர் பாலுக்கு 72 கிராம்

காங்கேயம் மாட்டுக்கு இந்த நோய் வந்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம். கன்றுக்குப் போக இரண்டு மூன்று லிட்டர் தரும் மாட்டின் உடம்புக்குப் பால் ஒரு பாரமாக இருந்ததில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினங்கள். பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இரத்தம், தீவனம் போதுமா போதாதா என்று பார்த்துக்கொண்டு மடியை இயக்குவதில்லை. வயிற்றுக்கு வராவிட்டாலும் உடம்பைக் கரைத்துக் கறக்கும்.

கணக்கைப் பார்த்தால் புரியும். பாலின் இனிப்பு லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதை மடி குளுக்கோஸிலிருந்து செய்கிறது. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். பதினைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல். மனிதர்களைப்போல் சாப்பிட்ட மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உறிஞ்சிக்கொள்ளும் வசதி மாட்டுக்கு மிகக் குறைவு. அது தின்பதையெல்லாம் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் புரோபியோனிக் அமிலம் என்ற ஒன்றை எடுத்துத்தான் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரிக்கிறது. ஆக, மாடு நன்றாகத் தின்றால்தான் புரோபியோனிக் அமிலம், அது இருந்தால்தான் குளுக்கோஸ், அது இருந்தால்தான் பால்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் கன்று வயிற்றை அடைத்துக்கொள்வதாலும் உடம்பின் ஹார்மோன் மாற்றங்களாலும் மாட்டின் தீனி குறைகிறது. ஈன்ற பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது. பால் மட்டும் காத்திருப்பதில்லை. ஈன்ற ஆறாவது வாரத்துக்குள் கறவை உச்சத்துக்குப் போய்விடும். தீனி உச்சத்தைத் தொடப் பத்து வாரத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட காலத்தில் வரவைவிடச் செலவு அதிகம். பற்றாக்குறையை ஈடுகட்ட முதுகிலும் இடுப்பிலும் வயிற்றுக்குள்ளும் சேர்த்து வைத்த கொழுப்பை உடம்பு உருக்குகிறது. ஓரளவு இது எல்லாக் கறவை மாட்டுக்கும் நடப்பதுதான். இளைப்பு கொஞ்சம் இருந்தால் பயப்படத் தேவையில்லை.

உருகிவரும் கொழுப்பு கல்லீரலால் கையாள முடியாத அளவுக்குப் போகும்போது நோயாகிறது. அடுப்பில் விறகை அளவுக்கு மேல் திணித்து, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்தால் தீ எரியாமல் புகை மண்டுமே, அதுதான் கல்லீரலில் நடக்கிறது. கொழுப்பு முழுதாக எரிவதற்கு வழியில்லாமல் கீட்டோன் என்ற பொருள்களாக இரத்தத்தில் சேர்கிறது. எரியாத மீதிக் கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. கொழுப்புப் படிந்த கல்லீரலால் குளுக்கோஸ் தயாரிக்கவும் முடிவதில்லை. கீட்டோன் ஏறினால் பசி மந்திக்கிறது. பசி மந்தித்தால் இன்னும் கொழுப்பு உருகுகிறது. வெளியிலிருந்து கைகொடுக்காமல் இந்தச் சுழலிலிருந்து மாடு தானாக மீள்வது கடினம்.

சினை ஆட்டிலும் இதே கதைதான். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு கடைசி மாதத்தில் சுருண்டு படுத்துக்கொள்வதற்கு அடிக்கடி இதுவே காரணம். மாட்டில் ஈன்ற பிறகு வருவது, ஆட்டில் ஈனுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அங்கே உயிரிழப்பும் அதிகம்.

மூச்சில் வரும் இனிப்பு வாடை

கொங்குப் பகுதியின் எந்தக் கால்நடை மருந்தகத்தில் காலை நேரம் நின்றாலும் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

"ஏனுங்கம்மா, கன்னு போட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"போன அமாவாசைக்கு முந்தின நாளுங்க டாக்டருங்க. இருபது நாளிருக்குங்க."

"எதைத் திங்கமாட்டேங்குது? தவிடா, தட்டா?"

"தவிட்டுத் தண்ணிய மோந்துகூடப் பாக்கறதில்லீங்க. சோளத்தட்டு ரெண்டு கடி கடிக்குதுங்க. சாணி பாத்தீங்கன்னா வரட்டி மாதிரி கெட்டியா வருதுங்க, மேல சளியாட்டம் பூசிக்கிட்டு."

இந்தப் பதில்களில் நோயின் பாதி வந்துவிட்டது. ஈன்று ஆறு வாரத்துக்குள் இருக்கிறது. அடர்தீவனத்தை முதலில் ஒதுக்குகிறது, நார்த்தீவனத்தைக் கொஞ்சம் தின்கிறது. சாணி இறுகி, சளிப்பூச்சோடு வருகிறது. அசைபோடுவது குறைந்திருக்கும். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் ஆழமாகத் தெரியும். உடம்பு வெப்பம் இயல்பாக, 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். காய்ச்சல் இருந்தால் கருப்பை அழற்சியோ மடிநோயோ வேறெதுவோ கூடவே இருக்கிறது என்று பொருள்.

மூச்சில், பாலில், சிறுநீரில் ஒரு வாடை வரும். அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு நெடி, அல்லது நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி. கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் ஆவியாகி வருவது அது. எல்லா மூக்குக்கும் இது எட்டாது. ஒரே மாட்டின் அருகில் நின்ற இருவரில் ஒருவர் உடனே சொல்லிவிடுவார், மற்றவருக்கு எதுவும் தெரியாது. வாடை வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சில மாடுகளில் நோய் மூளையைத் தாக்கிக் காட்டும். திடீரென்று தன் உடம்பையே ஓயாமல் நக்கும். சுவரையும் கம்பத்தையும் கடிக்கும், வெறும் வாயை மெல்லும், எச்சில் ஒழுகும், வட்டமடிக்கும், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், காரணமில்லாமல் கத்தும். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடிப் போவது இந்த நிலையில்தான். ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: வெறிநோய் கண்ட மாடும் ஏறக்குறைய இப்படியே நடந்துகொள்ளும். நாய்கள் திரியும் நம் ஊர்களில் மருத்துவர் வந்து பார்த்து வெறிநோய் இல்லை என்று உறுதி செய்யும்வரை வாய்க்குள் கை விடக் கூடாது, மருந்து புகட்டக் கூடாது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டவர்கள் பிறகு தடுப்பூசிக்கு ஓடவேண்டி வருகிறது.

இன்னொரு அறிகுறி மாட்டுத் தொழுவத்தில் தெரியாது, பால் சொசைட்டியில் தெரியும். ஈன்ற மாட்டின் பாலில் கொழுப்பு அளவு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். கொழுப்புக்கும் இதர சத்துக்கும் சேர்த்து விலை போடும் இடத்தில், 'ஃபேட் நல்லா வருதே' என்று மகிழ்ச்சியாக இருக்கும். அந்தக் கொழுப்பில் ஒரு பங்கு தீவனத்திலிருந்து வந்ததில்லை, மாட்டின் முதுகிலிருந்து உருகி வந்தது. புரதம் அதே சமயம் இறங்கும். கொழுப்பு அளவு புரத அளவைப்போல் ஒன்றரை மடங்கை நெருங்கினால் அது எச்சரிக்கை. சொசைட்டிச் சீட்டில் புரதம் தனியாக இருக்காது என்றாலும், ஃபேட் ஏறி, எஸ்.என்.எஃப். என்று போடப்படும் இதர சத்து இறங்கும் போக்கைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும்.

இவ்வளவு அறிகுறியும் வெளியே தெரிந்தால் அது முற்றிய நிலை. எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் கீட்டோன் ஏறி நிற்கும் மாடுகள்தான் அதிகம். இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் மறைமுக கீட்டோசிஸ் என்று கொள்கிறார்கள். அப்படிப்பட்ட மாடு தின்னும், நடக்கும், கறக்கும். ஆனால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குறைத்துக் கறக்கும். கருப்பை சீக்கிரம் சுருங்காது. பருவத்துக்கு வரத் தாமதமாகும். மூன்று நான்கு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று புலம்பும் பலர், ஈன்ற முதல் மாதத்தில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு சிட்டிகைப் பொடி போதும்

கண்டுபிடிப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ரொத்தேரா என்ற உயிர்வேதியியலாளர் 1908இல் வெளியிட்ட ஒரு சோதனையை இன்றைக்கும் கால்நடைக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். அம்மோனியம் சல்ஃபேட், சோடியம் கார்பனேட், சோடியம் நைட்ரோபுரூசைடு மூன்றையும் உலர்வாகக் கலந்து வைத்துக்கொண்டால் அது பல மாதம் கெடாது. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சிட்டிகை வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று சொட்டு சிறுநீர் விட்டால், கீட்டோன் இருக்கும் சிறுநீரில் பொடி கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும். நிறம் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு தீவிரம்.

சிறுநீர் எப்படிப் பிடிப்பது என்று கேட்பார்கள். மாட்டின் பின்னால் பொறுமையாக நின்று, பிறப்புறுப்புக்குக் கீழே உள்ள தோலை மேலும் கீழுமாகக் கையாலோ வைக்கோல் நுனியாலோ மெதுவாகத் தடவிக்கொடுத்தால் பெரும்பாலான மாடுகள் சில நிமிடத்தில் பெய்துவிடும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் போதும். ஒன்று மட்டும் நினைவில் வைக்கவேண்டும். கீட்டோன் சிறுநீரில் அடர்ந்து வருவதால், ஈன்ற நல்ல மாட்டிலும் இலேசான நிறம் வரலாம். பாலில் செய்யும் சோதனை அவ்வளவு கூர்மையானதில்லை. ஆனால் பாலிலேயே நிறம் மாறிவிட்டால் சந்தேகப்பட இடமில்லை.

இப்போது இன்னும் எளிதாகிவிட்டது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் தாள் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியைப்போல், ஒரு துளி இரத்தத்தில் கீட்டோன் அளவைச் சொல்லும் கையடக்கக் கருவிகளும் மாட்டுக்குப் பொருந்தும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. மறைமுக கீட்டோசிஸைப் பிடிக்க இதுவே சிறந்த வழி.

பாட்டிலும் வெல்லமும்

சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது குளுக்கோஸ் பாட்டில். கழுத்து நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏறினதும் அரை மணி நேரத்தில் மாடு தலை தூக்கிப் பார்க்கும், சில மாடு அப்போதே தட்டை இழுக்கும். அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்ட விவசாயி, இத்தோடு சரியாகிவிட்டது என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் 25 சதவீதக் கரைசல் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 125 கிராம் குளுக்கோஸ். 50 சதவீதக் கரைசலில் 250 கிராம். பதினைந்து லிட்டர் மாட்டின் ஒருநாள் தேவை ஒரு கிலோவுக்கு மேல் என்பதை முன்பே பார்த்தோம். ஏற்றியதில் ஒரு பகுதி சிறுநீரிலும் போய்விடும். சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை பழைய இடத்துக்கு வந்துவிடும். பாட்டில் தேவைதான், குறிப்பாக மிகவும் தளர்ந்த மாட்டுக்கும் மூளை பாதித்த மாட்டுக்கும் முதல் நாளே தேவை. அதை மட்டும் நம்பினால் மூன்றாம் நாள் மாடு மறுபடி தொட்டியை விட்டுத் திரும்பிக்கொள்ளும். நரம்புக்கு வெளியே கசிந்தால் கழுத்து வீங்கிப் புண்ணாகும் என்பதால் பழகிய கைதான் ஏற்றவேண்டும்.

பாட்டிலுக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் மருந்து புரோப்பிலீன் கிளைக்கால். நிறமில்லாத, சற்றே இனிப்பான, எண்ணெய் பதத்துத் திரவம். 1950களிலேயே அமெரிக்காவில் மாட்டுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். வாய்வழி கொடுத்தால் ஒரு பகுதி இரைப்பையில் புரோபியோனிக் அமிலமாகிறது, மீதி நேராகக் கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாகிறது. நாளொன்றுக்கு 300 மில்லி, ஒரே வேளையாக, மூன்று முதல் ஐந்து நாள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் ஆற்றல் டானிக்காக விற்பவற்றில் இதுவோ கிளிசராலோ இருக்கும். புட்டியின் பின்புறம் எத்தனை சதவீதம் என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்று நினைத்தால் மாடு மயங்கித் தள்ளாடும். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்திலும் கிளைக்கால் என்ற பெயர் வரும். அது எத்திலீன் கிளைக்கால், கொடும் நஞ்சு. இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புகட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். நாக்கை இழுத்தால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். கீட்டோசிஸில் சாகாத மாடு புகட்டிய மருந்தில் செத்துப்போவது கொடுமை. மூக்கு நெற்றிக்கு நேராக இருக்கும் அளவுக்கு மட்டும் தூக்கி, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த மடக்கைக் கொடுக்கவேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிடவேண்டும்.

மருத்துவர்கள் இவற்றோடு பி12 உள்ளிட்ட வைட்டமின் ஊசிகளையும், தேவைப்பட்டால் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையும் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டு பாலைச் சற்றுக் குறைத்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றும். கிருமித் தொற்று இருக்கும் மாட்டுக்கு அதுவே ஆபத்தாகும். கடையில் கேட்டு வாங்கி நாமே போட்டுக்கொள்ளும் மருந்தில்லை.

இனி வெல்லத்துக்கு வருவோம். அரைக் கிலோ வெல்லத்தைக் கரைத்துப் புகட்டும் கைகளில் இருக்கும் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் வளர்ந்த மாட்டின் வாயில் ஊற்றும் வெல்லமும் குளுக்கோஸ் பொடியும் சர்க்கரையாக இரத்தத்துக்குப் போவதே இல்லை. முதல் இரைப்பையில் நொதித்து அமிலமாகின்றன. அதில் வரும் பியூட்டிரிக் அமிலம் கீட்டோனாகவே மாறக்கூடியது. குளுக்கோஸுக்கு ஏங்கும் மாட்டுக்கு வெல்லம் கொடுப்பது, கொடுத்தவருக்குத் திருப்தி தருமே தவிர மாட்டுக்குப் பெரிதாக எதையும் தராது. அதைவிடக் கெடுதல், தெம்பு வரட்டும் என்று ரேஷன் அரிசியைக் குழையக் காய்ச்சி வாளிக் கணக்கில் ஊற்றுவது. வயிறு புளித்து, அமிலநோய் கண்டு, மாடு மேய்ச்சலையே நிறுத்திவிடும். அமிலநோயில் பட்டினி கிடந்த மாட்டைப் பின்னாலேயே கீட்டோசிஸ் பிடிக்கும். நம் ஊர்த் தொழுவங்களில் இந்த இரண்டும் கைகோத்து வருவது அடிக்கடி நடக்கிறது.

கால்சியம் பாட்டிலும் அப்படித்தான். ஈன்ற மூன்று நாளுக்குள் மாடு குளிர்ந்து, கழுத்தை மடித்துப் படுத்துக்கொண்டால் அது பால் காய்ச்சல். அதற்குக் கால்சியம் உயிர்காக்கும். மூன்றாவது வாரத்தில் தீனி மறுத்து நடமாடிக்கொண்டிருக்கும் மாட்டுக்கு அதே பாட்டிலை அவசரமாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகவும் வாய்ப்புண்டு.

சிகிச்சை எடுத்தும் ஐந்து நாளில் தேறவில்லை என்றால் கீட்டோசிஸ் தனியாக வரவில்லை என்று கொள்ளவேண்டும். வேறு ஏதோ ஒன்று மாட்டைப் பட்டினி போட்டிருக்கிறது. கருப்பையில் சீழ், விழுங்கிய கம்பி குத்திய இரைப்பை, இடம் மாறிய நான்காம் இரைப்பை, குளம்புப் புண் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த மூலத்தைப் பார்க்காமல் பாட்டில் மேல் பாட்டில் ஏற்றுவது பணத்துக்குக் கேடு.

நோய் உருவாகும் இரண்டு மாதம்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒன்றே ஒன்று இதுதான்: கீட்டோசிஸ் ஈன்ற பிறகு தெரிகிறது, ஆனால் ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் உருவாகிறது. மாடு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத அந்த அறுபது நாளில் நாம் அதை எப்படி வைத்திருந்தோம் என்பதன் கணக்குதான் ஈன்ற பிறகு வருகிறது.

'பால் கொடுக்காத மாட்டுக்கு எதுக்குங்க தவிடு?' என்பது நம் ஊரில் எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி. குறைந்த கொள்முதல் விலையிலும் ஏறிப்போன புண்ணாக்கு விலையிலும் குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. அதனால் வற்றிய மாட்டை வைக்கோலில் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக் கன்று மிக வேகமாக வளர்வதும் அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். மாடு கையிருப்பே இல்லாமல் ஈனுகிறது. ஈன்ற மறுநாள், பால் வந்துவிட்டது என்று நான்கு கிலோ அடர்தீவனத்தை ஒரேயடியாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வைக்கோலுக்குப் பழகிய இரைப்பை நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்கு மாற இரண்டு மூன்று வாரமாகும். அந்த இடைவெளியில்தான் புளிப்பு, பசியின்மை, கீட்டோசிஸ் எல்லாம் நுழைகின்றன.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. சினை பிடிக்கத் தாமதமாகி, நெடுநாள் வற்றிக் கிடந்து, பருத்திக்கொட்டையும் மக்காச்சோள மாவும் தின்று வால் அடியில் கொழுப்பு திரண்டு ஈனும் மாடு இருக்கிறதே, அதைப் பார்த்து ஊரே மெச்சும். அந்த மாட்டுக்குத்தான் ஈன்ற முதல் வாரத்திலேயே பசி நின்று, கல்லீரல் கொழுத்து, நோய் கடுமையாக வரும். ஒன்றிலிருந்து ஐந்து வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் மாடு ஈனவேண்டும். மதிப்பெண் தெரியாவிட்டாலும் கை சொல்லும். இடுப்பெலும்பைத் தடவினால் எலும்பு தட்டுப்படவேண்டும், ஆனால் கூர்மையாகக் குத்தக் கூடாது. கடைசி விலாக்கள் அழுத்தினால் தெரியவேண்டும், பார்த்த மாத்திரத்தில் எண்ணும்படி இருக்கக் கூடாது. கொழுத்த மாட்டை வற்றுக்காலத்தில் பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கொழுப்பு அப்போதே உருகத் தொடங்கி நோயை முன்கூட்டியே வரவழைத்துவிடும். உடம்பைச் சரிசெய்யும் காலம் கறவையின் பின்பாதிதான்.

செய்யவேண்டியது அரிதான காரியமில்லை. ஈனும் தேதிக்கு அறுபது நாள் முன்பே கறவையை நிறுத்திவிடவேண்டும். பசுந்தீவனம், தட்டு, வைக்கோலோடு நாளொன்றுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். கடைசி மூன்று வாரம், ஈன்ற பிறகு எந்தத் தீவனத்தைக் கொடுக்கப்போகிறோமோ அதே தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு கிலோவுக்குக் கொண்டுவரவேண்டும். ஈன்ற பிறகு அன்றாடம் கால் கிலோ, அரைக் கிலோ என்று ஏற்றி, உடம்புப் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற அளவை அடையலாம். இரண்டு வேளையில் கொட்டுவதை நான்கு வேளையாகப் பிரித்தால் வயிறு புளிக்காது. கம்பு நேப்பியர் புல்லோடு வேலிமசாலோ அகத்தியோ சேர்த்தால் புண்ணாக்குச் செலவு குறையும். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் மட்டும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த இந்த இலைகளையும் கால்சியம் டானிக்கையும் அள்ளிக் கொடுக்கக் கூடாது. அப்போது கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், ஈன்றதும் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறனை உடம்பு தளரவிட்டுவிடும், பால் காய்ச்சல் வரும். அது வந்த மாட்டுக்குக் கீட்டோசிஸும் எளிதில் வரும்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் மாட்டுக்குத் தேவை. நேரத்துக்கு வாளியில் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டால் அது குறைவாகக் குடிக்கும், குறைவாகத் தின்னும். எந்நேரமும் முன்னால் தண்ணீர் இருக்கவேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் ஈனும் மாடு பகலில் தின்னாது. விடியுமுன்னும் இரவு பத்து மணிக்கும் தீனி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஈரோடு கருங்கல்பாளையத்திலோ பொள்ளாச்சிச் சந்தையிலோ ஈன்று பத்து நாளான மாட்டை வாங்கி வண்டியேற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்றவரிடம் என்ன தீவனம் போட்டார் என்று கேட்டு, முடிந்தால் ஒரு வாரத்துக்கான அதே தீவனத்தையும் வாங்கி வாருங்கள். புது இடம், பயணக் களைப்பு, தீவன மாற்றம் மூன்றும் சேர்ந்தால் பதினெட்டு லிட்டர் என்று சொல்லி வாங்கிய மாடு எட்டுக்கு வந்து நிற்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்ற சண்டைகளில் ஒரு பங்குக்கு இந்த நோயே காரணம்.

ஐரோப்பாவில் மோனென்சின் என்ற மருந்தைக் குளிகையாக, நோய் வர வாய்ப்புள்ள மாடுகளுக்கு ஈனும் முன்பே வயிற்றில் போட்டு வைத்தார்கள். அது பெரிய மந்தைகளின் வழி. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு நல்ல வற்றுக்காலத் தீவனமே மலிவான தடுப்பு. ஒன்றரைக் கிலோ வீதம் அறுபது நாளைக்குத் தொண்ணூறு கிலோ, ஏறத்தாழ இரண்டு மூட்டை. ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் நாளுக்கு இரண்டு லிட்டர் பால் குறைந்தால் போவது 120 லிட்டர். இவற்றோடு மருத்துவச் செலவையும், மாடு சினை பிடிக்காமல் கழியும் மாதங்களையும் வைத்து அவரவர் ஊர் விலையில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கால்நடைத் துறையிடமும் பால் கூட்டுறவுச் சங்கங்களிடமும் கேட்க ஒன்றிருக்கிறது. பால் பரிசோதனைக் கருவி இருக்கும் ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு டப்பா ரொத்தேரா பொடியும் நான்கு புட்டி புரோப்பிலீன் கிளைக்காலும் வைப்பது பெரிய செலவில்லை. ஈன்ற மாட்டின் சிறுநீரை இரண்டாவது வாரம் ஒருமுறை கொண்டுவந்து பார்க்கச் சொன்னால், மறைந்திருக்கும் நோயில் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். தீவனக் கடனையும் மானியத்தையும் கறவை மாட்டுக்கு மட்டும் என்று நிறுத்தாமல் வற்றுக்காலத்துக்கும் நீட்டித்தால், அந்தத் தவிடு தொட்டிக்கு வந்து சேரும்.

உங்கள் தொழுவத்தில் அடுத்த இரண்டு மாதத்தில் ஈனப்போகும் மாடு இருந்தால், சினை ஊசி போட்ட தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஈனும் நாளைக் குறித்து, கறவையை நிறுத்தி, நாளை காலையிலிருந்து அதற்கு ஒன்றரைக் கிலோ தீவனத்தைத் தொடங்குங்கள். ஈன்ற மாடு தவிட்டை ஒதுக்கிவிட்டு வைக்கோலைத் தேடினால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962.